சாவி டெஸ்க்டாப்பில் இருந்தது

என் கணவருக்குப் பேச்சு போய் ஐம்பது நாள் ஆனபோது, ஆபீசில் என் கம்ப்யூட்டரைக் கழுவி வைத்திருந்தார்கள். கழுவி என்றால் தண்ணீர் விட்டு அல்ல. உள்ளே இருந்தது அத்தனையையும் அழித்துவிட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றியிருந்தார்கள். லீவு முடிந்து போய் உட்கார்ந்து பட்டனைத் தட்டினால், இத்தனை வருஷமாக நான் பார்த்துவந்த திரை இல்லை. ஒரு நீல மலை நிற்கிறது. மலைக்குப் பக்கத்தில் குப்பைத்தொட்டிப் படம் ஒன்று. அதுவும் காலி.

"எட்டு மெஷினையும் புதுசா பண்ணிக் குடுத்துட்டாங்கம்மா. இனிமே ஜல்தியா ஓடும்" என்றார் மேனேஜர், எனக்கு ஏதோ சீர்வரிசை வைத்த தோரணையில்.

அது ஜல்தியாக ஓடி எனக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. கைப்பையிலிருந்து என் சொந்த ஹார்டு டிஸ்க்கை எடுத்துச் செருகினேன். எப்போதும் செருகியதும் திறக்கும். அன்றைக்கு ஒரு கட்டம் வந்து, நாற்பத்தெட்டு இலக்கச் சாவியைத் தட்டு என்றது. பிடுங்கிச் செருகினேன். அதே கட்டம். வேறு ஓட்டையில் செருகினேன். அதே கட்டம்.

விஷயத்தை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்தில் ஒரு விதைக் கம்பெனியின் கிளை ஆபீசில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். மல்லாட்டை விதை முளைக்கவில்லை, உளுந்து பாதிதான் எழும்பியது என்று விவசாயிகள் போன் செய்தால் அதைப் பதிந்து, ஒரு நம்பர் கொடுத்து, "ஆள் வந்து பாப்பாங்க" என்று சொல்வது என் வேலை. வீடு திண்டிவனத்தில். காலையில் பாசஞ்சர் ரயில், சாயந்திரம் எது கிடைக்கிறதோ அது. கணவர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஓடும் தனியார் பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷமாகக் கண்டக்டர். ஒரே பெண், கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பக்கவாதம் வந்தது. பிரஷ் கீழே விழுந்த சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். வலது கை, வலது கால், கூடவே பேச்சு. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். கால் மெல்லத் திரும்பியது, கை பாதி திரும்பியது. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது. அவர் சொல்ல நினைப்பது வாய்க்கு வருவதற்குள் எங்கேயோ தொலைந்துவிடுகிறது. "அது" என்ற ஒரே சொல்தான் மிச்சம். தண்ணீரும் அது, மாத்திரையும் அது, ஃபேனும் அது. நான் தப்பாக எடுத்துக் கொடுத்தால் கோபமாக இன்னொரு அது. தொண்டை கிழியக் கத்தியே சம்பாதித்த மனுஷன் ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

விழுப்புரத்தில் வாரம் இரண்டு முறை பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன். அங்கே பயிற்சி கொடுக்கும் அம்மா பொறுமைசாலி. மூன்றாவது வாரம் அவர் என்னிடம் சொன்னார்: "தெனம் யோசிக்காம வாயில வந்தது எதுவோ, அதுலேருந்து ஆரம்பிச்சா சீக்கிரம் பிடிச்சுக்குவாங்க. சில பேருக்கு சாமி பாட்டு, சில பேருக்கு ஒண்ணு ரெண்டு மூணு. இவருக்கு ஸ்டாப் பேருதாங்க. அவர் கொரல்லயே கேட்டா, கூடச் சேந்து சொல்ல வாய்ப்பு இருக்கு. வீடியோ எதுனா இருக்குதா? இருந்தா சீக்கிரம் கொண்டாங்க. மொதல் சில மாசந்தான் முக்கியம்."

வீடியோ இருந்தது. ரயில் ரத்தான ஒரு நாள் அவர் பஸ்ஸிலேயே வேலைக்குப் போனேன். அன்றைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து சும்மா போனில் எடுத்தது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் தொடங்கி, ஜக்காம்பேட்டை, கூட்டேரிப்பட்டு, பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று விழுப்புரம் வரைக்கும் அவர் கூவுவது, படியில் தொங்கும் காலேஜ் பிள்ளைகளைத் திட்டுவது, யாரோ ஒரு அம்மாவின் கோழிக்கூடைக்கு சீட்டுக்கு அடியில் இடம் ஒதுக்கிக் கொடுப்பது எல்லாம் அதில் இருக்கிறது. நீளமான வீடியோ என்பதால் பெண்ணுக்கு அனுப்பப் பார்த்தும் போகவில்லை. அப்படியே போனில் கிடந்து, போனில் இடம் இல்லை என்று வந்ததும் டிஸ்க்குக்குப் போய்விட்டது.

வீடியோ கைக்கு வரும்வரை நானே சொல்லிப் பார்க்கலாம் என்று ஒரு சாயந்திரம் கட்டிலுக்கு எதிரே நின்று, "ஜக்காம்பேட்டைலாம் எறங்கு, ஜக்காம்பேட்டை!" என்று கத்தினேன். டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அத்தோடு விட்டுவிட்டேன்.

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. மாதம் ஒரு முறை போனில் இருப்பதை ஆபீஸ் கம்ப்யூட்டர் வழியாக இந்த டிஸ்க்கில் இறக்குவேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொந்த வேலை பார்க்கக் கூடாது என்பது தெரியும். ஊரில் யார் பார்க்காமல் இருக்கிறார்கள்? மேனேஜர் தன் மச்சினன் கல்யாணப் பத்திரிகையையே ஆபீஸ் பிரிண்டரில்தான் மாதிரி எடுத்துப் பார்த்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி ஒரு சட்டம் போட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் எந்த டிஸ்க்கைச் செருகினாலும் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். பூட்டிய கம்ப்யூட்டரில் மட்டும் கேள்வி கேட்காமல் திறக்கும். வேறு எதில் போட்டாலும் சாவி கேட்கும். என் டிஸ்க் பூட்டிக்கொண்ட அன்றைக்குத் திரையில் ஒரு பெட்டி வந்து நீளமாக இங்கிலீஷில் ஏதோ கேட்டது. ஆபீசில் பெட்டி வந்தால் ஓகே அழுத்துவதுதான் வழக்கம். படித்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. ஆனால் இந்தப் பெட்டி விடவில்லை. சாவியை எங்கே பத்திரமாக வைக்கட்டும் என்று கேட்டது. நான் டெஸ்க்டாப்பைக் காட்டினேன். கண்ணெதிரே இருந்தால் தொலையாது என்று நினைத்தேன். பெட்டியைப் பூட்டி, சாவியை அதே அறையில் வைத்து, அறையையே இடிக்க விட்டிருக்கிறேன்.

இடிக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே மெயில் அனுப்பியிருக்கிறார்கள். நான் அப்போது ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக் கிடந்தேன். எனக்கு ஒரு போன் அடித்திருக்கலாம். "நீயே பேஜாருல இருக்குற, உன்ன எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு உட்டுட்டேன்மா" என்றார் மேனேஜர். இரக்கப்பட்டிருக்கிறார். இரக்கத்தை என்ன சொல்லித் திட்டுவது?

பூட்டின சாவிகளின் நகல் ஒன்று கம்பெனியிடம் இருக்கும் என்று தெரியவந்தது. சென்னையில் இருக்கும் ஹெல்ப்டெஸ்க்கைக் கூப்பிட்டேன். பாட்டு ஓடியது. பாட்டுக்கு நடுவில் என் அழைப்பு அவர்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல் சொன்னது. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள்.

"டிக்கெட் ரெய்ஸ் பண்ணீங்களா மேடம்?"

"இல்லம்மா. டிஸ்க் தொறக்கல, சாவி வேணும்."

"டிக்கெட் ரெய்ஸ் பண்ணிட்டு அந்த நம்பரோட கூப்பிடுங்க மேடம். ஆள் பாப்பாங்க."

அந்தக் கடைசி இரண்டு சொல்லைக் கேட்டதும் எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் நான் எத்தனை பேரிடம் இதையே இதே குரலில் சொல்லியிருப்பேன். திருவக்கரைப் பக்கத்து விவசாயி ஒருவர் ஒரு முறை, "ஆளு வர்றதுக்குள்ள வெதைக்கிற பட்டமே போயிடும்மா" என்று கத்தினார். நான் அவருக்கு நம்பரைத் திரும்பவும் நிதானமாகப் படித்துக் காட்டினேன். அதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிக்கெட் போடும் படிவத்தில் 'வணிகத் தேவை' என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. விதைப் புகார்க் கோப்புகள் என்று பொய் எழுதலாம். எழுதினேன், அழித்தேன். பிறகு, "என் கணவர் பேச வேண்டும்" என்று எழுதினேன். கம்ப்யூட்டர் அதை ஏற்றுக்கொண்டது. மனிதர்கள்தான் ஏற்கவில்லை. மறுநாளே டிக்கெட் மூடப்பட்டதாக மெயில் வந்தது. காரணம்: சொந்தத் தரவு. திரும்பத் திறந்தேன். திரும்ப மூடினார்கள். மூன்றாம் முறை, டிஸ்க்கில் சொந்தப் படங்களோடு விதை வயல் படங்களும் இருக்கின்றன என்று எழுதினேன். அது உண்மைதான். பூச்சி அரித்த உளுந்துச் செடியை நானே போய்ப் படமெடுத்திருக்கிறேன். பூச்சிக்கு இருக்கிற மதிப்பு என் வீட்டுக்காரருக்கு இல்லை. டிக்கெட் உயிர் பிழைத்தது.

வீட்டுக்குப் போனால் அவர் என் முகத்தைப் பார்த்து, "அது?" என்பார். என்ன ஆச்சு என்று அர்த்தம். "உங்க வீடியோவத்தாங்க தேடிக்கினு இருக்கேன், இன்னும் ரெண்டு நாள்ல வந்துடும்" என்பேன். இரண்டு நாள் இரண்டு வாரமாக நீண்டது. பயிற்சி அம்மா ஒவ்வொரு முறையும், "வீடியோ இன்னா ஆச்சுங்க?" என்று கேட்பார். பதினோரு மாதத்துக் குழந்தைக்குச் சொல்வதுபோல் "கை, காது, மூக்கு" என்று அவரைச் சொல்ல வைக்கப் பார்ப்பதும், அவர் அவமானத்தில் தலையைத் திருப்பிக்கொள்வதும் தொடர்ந்தது. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ஒரு நாள் தண்ணீர் ஜக்கை எடுத்துச் சுவரில் வீசினேன். நல்லவேளை, பிளாஸ்டிக்.

ஹெல்ப்டெஸ்க் பெண் ஒரு வழியாகத் திருப்பிக் கூப்பிட்டாள்.

"மெஷின் நம்பர் சொல்லுங்க மேடம். சிபியு மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்."

குனிந்து பார்த்துச் சொன்னேன். "பதினாலு."

தட்டிப் பார்த்தாள். "பதினாலுல எந்த டிஸ்க்கும் பூட்டினதா ரெக்கார்டே இல்லியே மேடம்."

"அதெப்படிம்மா இல்லாம போவும்? ரெண்டு வருஷமா இதுலதான போடுறேன்!"

"ரெக்கார்ட்ல இல்ல மேடம்."

"பக்கத்து மெஷின்ல எதுனா இருக்குதா பாரும்மா."

"உங்க மெஷின் மட்டுந்தான் நான் பாக்க முடியும். மத்ததப் பாக்கணும்னா, காரணம் போட்டு உங்க பிராஞ்ச் மேனேஜர் மெயில் அனுப்பணும். இன்னொண்ணு மேடம், பழைய ரெக்கார்ட் எல்லாம் மாசக் கடைசியில அழிச்சிடுவாங்க. அதுக்குள்ள பாத்துக்குங்க."

மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று சாயந்திரம் ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். பதினாலு, பதினாலு என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பதினாலு நம்பர் ஸ்டிக்கரை என் கட்டைவிரல் அழுத்தி ஒட்டிய ஞாபகம் திடீரென்று வந்தது. அதன் மூலையில் குங்குமக் கறைகூட இருக்கிறது. மேல்கம்பியை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்தேன். பக்கத்தில் நின்ற அம்மா, "மயக்கமா?" என்று தோளைப் பிடித்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆயுத பூஜை. ஆபீசில் எட்டு கம்ப்யூட்டரையும் சுத்தம் செய்து பொட்டு வைப்பது பெண்கள் வேலை. பெண்கள் என்றாலும் நான் ஒருத்திதான். முந்தின வருஷச் சந்தனம் காய்ந்து அப்பியிருந்ததால், சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்தேன். சந்தனத்தோடு சேர்ந்து நம்பர் ஸ்டிக்கரும் ஒவ்வொன்றாக உரிந்து கையில் வந்தது. எட்டையும் மேஜையில் வரிசையாகக் காய வைத்தேன். எது எதனுடையது என்று குறித்துக்கொள்ளவில்லை. பூசணிக்காய் உடைக்க நேரமாகிவிட்டதென்று எல்லாரும் வாசலில் நின்று அவசரப்படுத்தினார்கள். "எதுல எது ஒட்டணும் சார்?" என்று மேனேஜரைக் கேட்டேன். "எதுனா ஒண்ண ஒட்டும்மா, எட்டு மெஷினு, எட்டு நம்பரு, கணக்கு சரியா இருந்தா போதும்" என்றார். ஒட்டினேன். ஒவ்வொன்றின் மேலும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பூ வைத்தேன். அதற்குப் பிறகு வருஷம் ஒரு முறை ஆடிட்டுக்கு வருகிறவர்கள் எட்டு ஸ்டிக்கரையும் எண்ணிவிட்டு, எட்டும் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

ஆக என் கம்ப்யூட்டருக்கு உள்ளே அதன் பெயர் வேறு, மேலே ஒட்டியிருந்த பெயர் வேறு. சென்னையிலிருந்து வந்து கழுவியவர், மேலே ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்தே உள்ளேயும் புதுப் பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார். என் சாவி மிச்சம் ஏழு நம்பரில் ஏதோ ஒன்றின் கீழ் இருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க இப்போது உலகத்தில் வழியே இல்லை, ஏழையும் திறந்து பார்ப்பதைத் தவிர. இதைச் செய்தது நான். யாரையெல்லாம் மனசுக்குள் திட்டினேனோ, அவர்கள் வரிசையில் முதலில் என்னை நிறுத்த வேண்டும்.

மறுநாள் மேனேஜரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஏம்மா, இத வெளிய சொன்னா மூணு வருஷமா நான் கையெழுத்து போட்ட ஆடிட்டு எல்லாம் இன்னா ஆவுறது?"

"நீங்கதான சார் எதுனா ஒண்ண ஒட்டுன்னு சொன்னீங்க?"

"நான் எப்பம்மா சொன்னேன்?"

அதற்கு மேல் நாலு நாள் அவர் என் கண்ணில் படாமல் இருக்கக் கற்றுக்கொண்டார். நான் உள்ளே நுழைந்தால் அவர் குடோனுக்குப் போவார். குடோனுக்குப் போனால் அவர் டீக்கடையில் இருப்பார். மேல்சித்தாமூரில் வியாபாரி ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் முழுக்கக் காணவில்லை. அந்த வியாபாரி அன்றைக்கு மத்தியானம் நேரிலேயே ஆபீசுக்கு வந்து அவரை விசாரித்துவிட்டுப் போனார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் கணவரை ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தவர், ஹார்லிக்ஸ் பாட்டில் கொண்டுவந்தவர். ஆனால் ஒரு மெயில் அனுப்ப அவருக்குக் கை வரவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றேன். அவர் பைக்கை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றும்போதே முன்னால் போய் ஒரு தாளை நீட்டினேன். யாரிடமும் வார்த்தை இரவல் வாங்காமல், பூசி மெழுகாமல், நானே எழுதியது. ஆயுத பூஜையன்று ஸ்டிக்கர்களை உரித்தது நான், மாற்றி ஒட்டியது நான், யாரிடமும் சொல்லாதது நான், ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொந்த டிஸ்க்கைப் போட்டதும் நான். கீழே கையெழுத்து.

அவர் ரோட்டிலேயே நின்று படித்தார். "இத அனுப்பினா உனக்கு மெமோ வரும்மா."

"வரட்டும் சார்."

"இன்கிரிமென்ட்ல கை வெப்பாங்க."

"சார்," என்றேன். குரல் உடைந்துவிட்டது, அதுவும் எனக்குக் கோபமாக வந்தது. "எங்க ஊட்டுல ஒரு மனுஷன் தண்ணிய தண்ணின்னு சொல்ல முடியாம உக்காந்துக்கினு இருக்காரு. நீங்க இன்கிரிமென்ட் பேசுறீங்க. இன்னைக்கு மெயில் போவலன்னா நான் நேரா மெட்ராஸ் போய் அந்த ஆபீஸ் வாசல்ல உக்காருவேன்."

பைக் மேல் தாளை வைத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். பதினோரு மணிக்கு மெயில் போனது. அவர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்: ஊழியரின் குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொள்ளவும். அந்த ஒரு வரிக்காக அவர் மேலிருந்த கோபத்தில் பாதியைக் கழித்துக்கொண்டேன்.

மத்தியானம் ஹெல்ப்டெஸ்க் பெண்ணே கூப்பிட்டாள். இந்த முறை டிக்கெட் நம்பர் கேட்கவில்லை. மிச்சமிருந்த ஏழில் எந்தெந்த நம்பரின் கீழ் சாவி இருக்கிறதென்று பார்த்தாள். நாலு நம்பர்களின் கீழ் இருந்தது. ஒவ்வொன்றாகப் படித்தாள். நாற்பத்தெட்டு எண்ணை ஆறு ஆறாகப் பிரித்து அவள் சொல்ல, நான் திருப்பிச் சொல்லித் தட்டினேன். முதல் சாவி தப்பு. இரண்டாவதும் தப்பு. மூன்றாவதில் பாதியில் என் கை வழுக்கி, முதலிலிருந்து தட்டினேன். அவள் அலுத்துக்கொள்ளவில்லை. கடைசி எண்ணைத் தட்டியதும் கட்டம் மறைந்து, என் ஃபோல்டர்கள் மஞ்சள் மஞ்சளாக வரிசையில் வந்து நின்றன.

"தொறந்துச்சா மேடம்?"

"தொறந்துச்சும்மா."

"சாருக்கு பேச்சு வந்ததும் சொல்லுங்க மேடம்" என்றாள். படிவத்தின் கட்டத்தில் நான் எழுதியதை அவள் படித்திருக்கிறாள். நன்றிகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

வீடியோவை ஒயர் போட்டு என் போனுக்கு மாற்றினேன். டிஸ்க்கின் பூட்டையும் ஒரேயடியாக எடுத்துவிட்டு, மூன்று மணி ரயிலுக்குப் பர்மிஷன் போட்டுக் கிளம்பினேன். ரயிலில் ஒரு தடவை பார்க்கலாம் என்று கை துறுதுறுத்தது. அவரோடு பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். பயிற்சி அம்மாவுக்கு மட்டும் போன் செய்தேன். அவர் சந்தோஷப்பட்டு எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்: சத்தம் தெளிவாக இருக்கணும், முகத்துக்கு நேராகப் பிடிக்கணும், முதல் பேரை நான் பாதி சொல்லி நிறுத்தணும், மீதியை அவர் சொல்லக் காத்திருக்கணும், அவசரப்படுத்தக் கூடாது.

வீட்டில் அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சாயந்திர வெளிச்சம் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"வந்துடுச்சுங்க. பாருங்க. கூடவே சொல்லணும், சரியா?"

ஓட விட்டேன். பஸ் உறுமுகிறது. அவர் படியில் ஒற்றைக் காலில் நின்று, கையை வீசி, "விழுப்புரம் விழுப்புரம் விழுப்புரம்! ஏறு ஏறு! உள்ள போம்மா, உள்ள எடம் இருக்கு!" என்று கூவுகிறார். நான் அந்தக் குரலை மறந்துபோயிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. என் கண்ணில் தண்ணீர் முட்டியது. கட்டிலில் இருந்த மனுஷன் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அவர் விசில் ஊதினார், ஒருவரைத் திட்டினார், சிரித்தார், சில்லறை கேட்டார். "ஜக்காம்..." என்று நான் சொல்லி நிறுத்திக் காத்திருந்தேன். அவர் உதடு அசையவில்லை. வீடியோ அவருக்காகக் காத்திருக்காமல் அடுத்த ஊருக்குப் போனது.

"சொல்லுங்க. கூட்டேரிப்..."

அவர் இடது கையால் போனைத் தள்ளினார். நான் திரும்பவும் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். பத்தொன்பது நாள் அலைந்திருக்கிறேன், கம்பெனிக்கு என் குற்றத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன், தள்ளினால் விட்டுவிடுவேனா? "ஒரு வாட்டிங்க, ஒரே ஒரு வாட்டி" என்றேன். அவர் முகம் சிவந்தது. தாடை கிடுகிடுவென்று ஆடியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இன்னொரு முறை தள்ளினார், இந்தத் தடவை பலமாக, போன் மெத்தையில் விழுந்தது.

"வேணாம்" என்றார்.

மெத்தையில் போன் குப்புறக் கிடந்து, உள்ளே பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க? இன்னா சொன்னீங்க?"

"வேணாம்" என்றார் மறுபடியும். எழுத்து எழுத்தாக, தெளிவாக, என் மேல் கோபமாக.

அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என்னையும் தள்ளப் பார்த்தார். சரி, வேணாம், போடல, போடவே மாட்டேன் என்று சத்தியம் செய்து போனை அணைத்தேன்.

மறுநாள் காலையில் காபியைக் கையில் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அந்த வீடியோவைத் திரும்பவும் போட்டேன்.